பெட்ரோல் விலையும் மலை ரோடும்: குன்னூர்–ஊட்டி தினசரி ஓட்டத்துக்கு என்ன வழி?

வண்டிச்சோலை_வாசி கேட்டது:

வணக்கம். வீடு வண்டிச்சோலைப் பக்கம், எனக்கு வேலை ஊட்டியில் சேரிங் கிராஸ் தாண்டி. ஒருவழி 22 கி.மீ. மனைவிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வேலை, அவரை இறக்கிவிட்டு நான் மேலே போகிறேன். வண்டி 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக், மேனுவல் கியர். மைலேஜ் 12-க்கு மேல் வருவதில்லை. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு பெட்ரோலுக்கு மட்டும் மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் போகிறது. கோவை போய்வரும் செலவு தனி.

கேட்க வேண்டியது மூன்று. இந்த வண்டியிலேயே மைலேஜைக் கூட்ட முடியுமா? பஸ், ரயில் என்று மாறினால் நடைமுறையில் சரிப்பட்டு வருமா? பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக் கார் அல்லது ஸ்கூட்டர் எடுத்தால் மலைக்குத் தாங்குமா? கீழே சமவெளியில் ஓட்டுபவர்கள் சொல்லும் டிப்ஸ் நிறையப் படித்துவிட்டேன். மலையில் ஓட்டுபவர்கள் சொன்னால் நல்லது.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை: காலையில் ஹீட்டர் போட்டால் லவ்டேல் வரும் வரை வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது.

ரெண்டாம்_கியர் பதில்:

சம்பந்தம் இருக்குங்க. உங்க கேள்வியிலேயே முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதுக்கு வர்றேன்.

முதல்ல மலைக் கணக்கு. இங்க பெட்ரோல் தூரத்துக்குப் போறதை விட உயரத்துக்குத்தான் போகுது. ஆளோட சேர்த்து 1,100 கிலோ வண்டியை மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ஏத்தணும்னா சுமார் 1,500 மீட்டர் தூக்கணும். அதுக்கு 16 மெகாஜூல் வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேர்றது கால்வாசி, அதாவது 8. ஆக வெறும் ஏத்தத்துக்கே 2 லிட்டர். ரோட்டுல உருள்ற செலவு அதுக்கு மேல. 34 கி.மீ.க்கு மூணு, மூணேகால் லிட்டர் குடிச்சா வண்டி மேல தப்பு இல்ல. ஆனா இறங்கும்போது அதே 34 கி.மீ.க்குக் கால் லிட்டர்கூட ஆகக் கூடாது. அதனால மைலேஜை எப்பவும் போய்வந்த மொத்தத்துக்கு மட்டும் பாருங்க. டேங்க் நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, அதே பங்க்ல திரும்ப நிரப்பிக் கணக்கு போடுங்க. டிஸ்ப்ளேல காட்டுற நம்பரை நம்பாதீங்க.

குன்னூர்–ஊட்டி நிகர ஏத்தம் 400 மீட்டர்தான், அரை லிட்டர் சமாச்சாரம். அதனால உங்க ஓட்டத்துக்குப் போய்வர 14–15 வரணும். 12 வருதுன்னா எங்கயோ பிடிக்குது.

எங்கேன்னா, தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கிற வால்வு அது. திறந்தபடியே மாட்டிக்கிட்டா காலைக் குளிர்ல இன்ஜின் சூடேறவே ஏறாது. கம்ப்யூட்டர் இன்னும் இன்ஜின் குளிர்ந்திருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். செக் இன்ஜின் லைட் எரியாமலே இது நடக்கும். சமவெளில சில ஒர்க்ஷாப்ல ஓவர்ஹீட் ஆகுதுன்னு சொன்னா தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சுட்டு வண்டியைக் கொடுத்துடுவாங்க. அங்க 38 டிகிரி வெயில்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே வண்டி டிசம்பர் மாசம் ஊட்டி பனில ஓடினா லிட்டருக்கு ரெண்டு கி.மீ. காணாமப் போகும். செகண்ட் ஹேண்ட் வண்டியா இருந்தா தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கான்னே முதல்ல பாருங்க.

சோதிக்கிறது சுலபம். ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற அளவைப் படிச்சுக் காட்டுற கருவி) மாட்டி கூலன்ட் சூட்டைப் பாருங்க. பத்து நிமிஷம் ஓடின பிறகு 85-க்கு மேல நிக்கணும். வெலிங்டன் தாண்டியும் 65, 70-லயே சுத்திக்கிட்டு இருந்தா, இறக்கத்துல இன்னும் கீழ விழுந்தா, தெர்மோஸ்டாட்தான். பார்ட் விலை குறைவு. மாத்தும்போது கேஸ்கெட்டும் சேர்த்துப் போடுங்க, கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்ததா ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், உறைபனி அடிக்கிற ஊர் இது.

அடுத்தது பிரேக் பிடிச்சுக்கிறது. மழைக்காலம் நீளமா இருக்கிற ஊர்ல டிஸ்க் பிரேக்கோட பேடைப் பிடிச்சிருக்கிற காலிப்பர் நகர்ற ஸ்லைட் பின் காய்ஞ்சு துருப்பிடிச்சு, பேட் டிஸ்கை விட்டு விலகாம உரசிக்கிட்டே இருக்கும். சமமான ரோட்டுல பிரேக் அதிகம் போடாம மூணு நாலு கி.மீ. ஓட்டிட்டு, இறங்கி நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க. ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அதுதான். பின்னாடி டிரம்முக்கு வேற கதை. ராத்திரி ஈரத்துல ஹேண்ட் பிரேக் போட்டு விட்டா ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். வீட்டு வாசல் சரிவா இருந்தா முதல் கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க.

டயர் காத்தைக் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி இங்கேயே பாருங்க. கோயம்புத்தூர்ல மதிய வெயில்ல ஓடின டயர்ல அளந்து வச்சது இங்க காலைக் குளிர்ல அதே அளவு இருக்காது. பத்து டிகிரி குளிர்ந்தா ஒண்ணு, ஒண்ணரை பி.எஸ்.ஐ. இறங்கும். உயரத்தால வெளிக் காத்தழுத்தம் குறையறதுல கேஜ் கொஞ்சம் ஏத்திக் காட்டும். ரெண்டும் சேர்ந்து குழப்பும். அதனால இங்க ஓட்டுற வண்டிக்கு இங்க அளந்ததுதான் அளவு.

இறக்கத்துல நியூட்ரல் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மிச்சம்னு நினைச்சுத்தான் போடறாங்க. பழைய கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்ஜெக்ஷன் வண்டில கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டா இன்ஜெக்டர் முழுசா மூடிக்கும், பெட்ரோல் சொட்டுகூடப் போகாது. நியூட்ரல்லதான் ஐடில் ஓட பெட்ரோல் வேணும், மணிக்கு முக்கால் லிட்டர் வரைக்கும். போதாததுக்கு மொத்த பாரமும் பிரேக் மேல விழும். பர்லியார் வர்றதுக்குள்ள பேட் வாசனை வரும், பிரேக் ஃப்ளூயிட் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும். டாட் 3 ஃப்ளூயிட் புதுசுல 205 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்த பிறகு 140-தான். டாட் 4-க்கு 230, 155. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. இன்ஜினையே ஆஃப் பண்ணி இறக்கறவங்களும் இருக்காங்க: பூஸ்டர்ல இருக்கிற வேக்கம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங் இறுகிடும். சாவியைத் திருப்பி எடுத்துட்டா லாக்கே விழுந்துடும்.

ஏறுன கியர்லயே இறங்குங்க. ஆட்டோமேட்டிக்ல சி.வி.டி. வகைன்னா எல் போடுங்க, ஏ.எம்.டி. வகைன்னா மேனுவல் மோட்ல ரெண்டாவது. பிரேக் புகைஞ்சா ஓரம் கட்டி அரை மணி நேரம் விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும், டிரம் விரிசல் விடும்.

கேத்தி_பாசஞ்சர் பதில்:

வண்டியைச் சரிசெய்வது நல்லதுதான். ஆனால் 12-ஐ 15 ஆக்கினால் மாதம் ஒன்பதாயிரம் ஏழாயிரத்து இருநூறு ஆகும், அவ்வளவே. பெரிய மிச்சம் காரை எடுக்காத நாளில்தான் இருக்கிறது.

குன்னூர்–ஊட்டி வழித்தடம் மாவட்டத்திலேயே பஸ் அதிகம் ஓடுவது. உங்களுக்குச் சிக்கல் அந்த 18, 19 கி.மீ. இல்லை, வீட்டிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வரும் முதல் சில கிலோமீட்டர்தான். கோத்தகிரி–குன்னூர் பஸ் வண்டிச்சோலை வழியாகத்தான் வருகிறது, மினி பஸ்ஸும் உண்டு. காலையில் கூட்டமாக வரும், நிறுத்தத்தில் நிற்காமல் போவதும் நடக்கும். ஒரு பஸ் முந்தியே கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பார்க்க வேண்டியது குன்னூரிலிருந்து உங்கள் பக்கம் வரும் கடைசி பஸ்ஸின் நேரம். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளரிடம் கேட்பதுதான் நம்பகமானது, இணையத்தில் சுற்றும் கால அட்டவணைகள் பழையவை.

உங்கள் மனைவிக்கு அரசு சாதாரணக் கட்டண பஸ்ஸில் கட்டணமே இல்லை. மகளிர் விடியல் பயணம் 2021-இல் சமவெளி டவுன் பஸ்களுக்கு வந்தது, 2024-இல் மலைப்பகுதிக்கும் நீட்டித்தார்கள். தனியார் மினி பஸ்ஸில் இது செல்லாது. ஏறுமுன் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் வந்த பாதை ஊட்டிக்கு நீண்டது 1908-இல். பல்சக்கரம் கல்லாறு–குன்னூர் பகுதிக்கு மட்டும். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின், சாதாரணத் தண்டவாளம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நின்று போகும். மழைக்கு மண் சரிந்து வண்டி ரத்து என்று செய்தி வந்தால் பெரும்பாலும் அது கீழ்ப்பகுதி. மேலே குன்னூர்–ஊட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடுகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏப்ரல்–மே சீசனில் சுற்றுலா வந்தவர்களே பெட்டியை நிரப்பிவிடுவார்கள். அரவங்காடு, கேத்தியில் வேலை என்றால் யோசிக்கலாம். சேரிங் கிராஸ் தாண்டி ஆபீஸ் என்றால் பஸ்தான் சரி.

சீசனில் காரில் போவது இன்னும் நஷ்டம். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வந்து, 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்த பிறகும், மே மாத மாலைகளில் ஊட்டிக்குள் வண்டி ஊர்ந்துதான் போகிறது. நின்ற இடத்தில் எரியும் பெட்ரோலுக்கு மைலேஜ் பூஜ்யம். உங்கள் டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம். கீழிருந்து வரும் உறவினர்களிடம் பஸ்ஸில் வந்தால் அதுவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வண்டிச்சோலை_வாசி:

நன்றிங்க. ஸ்கேனர் வைத்துப் பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் இருவர் அரவங்காட்டிலிருந்து வருகிறார்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு செலவைப் பங்கிடலாம் என்று பேச்சு. ஆள் கூடினால் மலையில் பெட்ரோல் ரொம்பக் கூடுமா? கோவை போகும்போது அங்கேயே டேங்க் நிரப்பி வந்தால் மிச்சமா? எலக்ட்ரிக் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ரெண்டாம்_கியர்:

ஆளுக்கு 70 கிலோன்னு வைங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் முழுக் காட் ரோடும் ஏறினாலே ஒரு ஆளுக்கு 130 மில்லிதான் கூடும். அரவங்காடு–ஊட்டிக்கு அதுல நாலுல ஒரு பங்குகூட வராது. அதனால மூணு பேர் ஒரே கார்ல போறது லாபம்தான். காலி சீட்டை ஏத்திக்கிட்டுப் போறதுதான் நஷ்டம். ஆனா கிளட்ச் கவனம்: பாரம் கூடினா கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவதுல திணறும்போது ஹாஃப் கிளட்ச்ல (பெடலைப் பாதி மிதிச்சபடி) இழுக்காதீங்க, தயங்காம முதல் கியர் போடுங்க. 2,200 மீட்டர்ல காத்து மெலிசு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அஞ்சுல ஒரு பங்கு சக்தி குறைஞ்சுதான் இருக்கும். வண்டி மந்தமா இருக்குன்னு கோளாறு தேடாதீங்க.

கோவைல நிரப்பறதுக்கும் அதே கணக்குதான். வாட் வரி மாநிலம் முழுக்க ஒண்ணு: 2021 ஆகஸ்ட்ல குறைச்ச பிறகு பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். மலை மேல விலை கூடறது டேங்கர் லாரி வாடகை. வித்தியாசம் லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு ரூபாய். 35 லிட்டர் 26 கிலோ, அதைச் சுமந்து ஏத்த அஞ்சு ரூபாய் பெட்ரோல். எப்படியும் போறீங்கன்னா நிரப்பிட்டு வாங்க. அதுக்குன்னு கீழ இறங்காதீங்க.

சார்ஜ்_பாயிண்ட் பதில்:

எலக்ட்ரிக் பற்றி நான் சொல்கிறேன். மலைக்கு எலக்ட்ரிக் கார் ஒத்துவராது என்பது தவறு. ஏற்றத்துக்கு எடுத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் இறக்கத்தில் மோட்டாரே பேட்டரிக்குத் திருப்பி ஏற்றிவிடும், இதைத்தான் ரீஜென் என்பார்கள். பெட்ரோல் கார் அந்த ஆற்றலை இன்ஜின் பிரேக்கிலும் பேடிலும் சூடாக்கி விட்டுவிடுகிறது.

ஆனால் கடைக்காரர் சொல்லாதது சில உண்டு. மேலே வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு உடனே இறங்கினால் திருப்பி வாங்க பேட்டரியில் இடமில்லை; ரீஜென் வேலை செய்யாது, முழு பாரமும் பிரேக்குக்குப் போகும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் 85-இல் நிறுத்துங்கள். குளிர்ந்த பேட்டரியும் காலையில் ரீஜெனைக் குறைவாகத்தான் வாங்கும். முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி நேற்று போல இழுத்துப் பிடிக்காது, தெரிந்து ஓட்டுங்கள்.

வீட்டு வயரிங்: பழைய ஓட்டு வீடு, லைன் வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். சார்ஜர் எர்த் ஃபால்ட் காட்டி ஏற மறுக்கும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டித் தரும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் கார் பாடியில் கரண்ட் வரும், ஒருபோதும் வேண்டாம். தனி எர்த் குழி, மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. காப்பர் வயர், எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தரமான 16 ஆம்பியர் சாக்கெட். சாதா சாக்கெட்டில் மணிக்கணக்கில் ஓடினால் பிளக் உருகும்.

பில்: சின்ன காருக்கு மலையில் போய்வர 100 கி.மீ.க்கு 13–15 யூனிட். உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 150, இரண்டு மாதத்துக்கு 300. வீட்டுச் செலவு 200 யூனிட்டுக்கு மேல் இருந்தால் மொத்தம் 500-ஐத் தாண்டும். தாண்டினால் வேறு கட்டண அட்டவணை, யூனிட் விலை கூடும். இதைச் சேர்த்துப் பார்த்தாலும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

ஸ்கூட்டர் எடுத்தால் இன்னும் மலிவு.

கேத்தி_பாசஞ்சர்:

ஸ்கூட்டர் விஷயத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டார் வகை, இருவர் உட்கார்ந்து நீண்ட ஏற்றம் ஏறினால் சூடாகி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதி ஏற்றத்தில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, 15 கி.மீ. வேகத்தில் ஊர்வது ஆபத்து. மோட்டார் நடுவில் இருந்து பெல்ட் அல்லது கியர் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும் வகையைப் பாருங்கள். ஷோரூம் வாசலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது எதற்கும் உதவாது. இருவர் ஏறி, வழியில் நிற்காமல் ஊட்டி வரை டெஸ்ட் ரைடு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்க வேண்டாம். ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும். அந்த மாதங்களில் ஸ்கூட்டரை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை மட்டும் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

காரில் ஆள் ஏற்றுவது பற்றி ஒன்று: கூட வேலை பார்ப்பவர்கள் மாற்றி மாற்றிப் பெட்ரோல் போட்டுக்கொள்வது வேறு, வெள்ளை போர்டு வண்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது வேறு. இரண்டாவது பர்மிட் இல்லாத வாடகை ஓட்டம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். ஒரு வாரம் உங்கள் கார், அடுத்த வாரம் அவர்கள் கார் என்று சுற்றில் விடுங்கள், பணமே கை மாற வேண்டாம்.

சார்ஜ்_பாயிண்ட்:

ஹப் மோட்டார் பற்றிச் சொன்னது சரிதான். ஒன்று சேர்க்கிறேன்: காரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பதாக இருந்தால் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, அந்த எத்தனால் ஈரம் இழுக்கும். அரை டேங்கில் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் மலை ஈரத்துக்கு அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும் வாய்ப்பு உண்டு. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு. 2023-க்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் ஹோஸையும் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

வண்டிச்சோலை_வாசி:

ஸ்கேனர் வைத்துப் பார்த்தாயிற்று, அரவங்காடு தாண்டியும் 68-தான் காட்டியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். கழற்றியதை வெந்நீரில் போட்டுச் சோதிக்கலாம் என்கிறார் மெக்கானிக். புதியதையும் அப்படிச் சோதித்துவிட்டு மாட்டலாமா?

ரெண்டாம்_கியர்:

தாராளமா. பாத்திரத்துல தண்ணி ஊத்தி, தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டித் தொங்க விடுங்க, அடில படக்கூடாது. பச்சைத் தண்ணிலயே வாய் திறந்து இருந்தா பழசு போச்சு, அதுக்கு மேல சோதனையே வேண்டாம். புதுசுல 82 இல்லேன்னா 88-ன்னு நம்பர் அடிச்சிருக்கும், அந்தச் சூட்டுல திறக்க ஆரம்பிக்கணும். தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, கண்ணால கொதியைப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். குன்னூர் உயரத்துல தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சிடும். 88 நம்பர் போட்டது முழுசா திறக்க 100 டிகிரி கிட்ட வேணும், அதனால இங்க கொதிக்கிற தண்ணில பாதிதான் திறக்கும். அதைப் பார்த்துட்டு புது பார்ட் கோளாறுன்னு கடைல திருப்பிக் கொடுத்துடாதீங்க.